எட்டாம் வகுப்புக்குக் கைதட்டிய கணினி

அன்புள்ள புச்கி,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ தலையை நிமிர்த்தாமலே கேட்டாய்: "அப்பா, அந்தக் கம்ப்யூட்டர் ரிப்போர்ட் இன்னும் வச்சிருக்கீங்களா?" உன் அம்மாவுக்குச் சிரிப்பில் ரசம் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டே அடுப்படிப் பக்கம் போனவள் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை. கேள்வியில் ஒரு தவறும் இல்லை. இரண்டு ஆண்டு கல்கத்தா நியூ டவுன் அலுவலகத்தில் இருந்த உன்னை, பள்ளிகளுக்குக் கணினிப் பாடம் தயாரிக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக்கிப் பெங்களூருக்கு அனுப்புகிறார்கள். முதல் வேலையாக, கணினி வழியாகப் படிப்பது மாணவர்களின் தேர்ச்சியையும் ஈடுபாட்டையும் எப்படி மாற்றுகிறது என்று ஓர் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். அதே பொருளில் அறிக்கை எழுதிய மனிதர் உன் எதிரில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்கும்போது நீ வேறு யாரிடம் கேட்பாய்?

வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பக்கம். தொண்ணூறுகளின் கடைசியில் நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் என் புகைப்படத்தோடு வெளிவந்தது. இந்த ஆண்டு மலருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். பழைய கட்டுரைக்கு ஒரு பிழைதிருத்தம் தருகிறேன் என்றேன். ஒரு வரியா, இரண்டு வரியா என்று கேட்டார். ஐந்தாறு பக்கமாவது வரும் என்றதும், "ஒரு திருத்தத்துக்கா சார்?" என்றார். தவறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத்தான் திருத்தமும் இருக்க முடியும் என்று விளக்கினேன். அதனால்தான் அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் உனக்கு அப்பா இப்படி ஊரறியக் கடிதம் எழுதுகிறேன். தவறு அச்சில் வந்தது. திருத்தமும் அச்சில்தான் வர வேண்டும்.

பவானிபூரில் ஒரு மர வியாபாரியின் பழைய வீட்டில் நடந்த உன் பள்ளிக்கு அப்போது நான் நிர்வாகக் குழுச் செயலாளர். நான் கல்விமான் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், நன்றாகக் குறிப்பு எழுதுவார் என்பதே தகுதி. பதவி ஏற்ற ஆண்டே ஆறு கணினிகள் வாங்க வைத்தேன். அவற்றுக்கென்று மாடியில் ஓர் அறை ஒதுக்கி, ஏசி பொருத்தி, நீலத் திரைச்சீலை தொங்கவிட்டோம். தலைமையாசிரியைக்கு மின்விசிறிதான். அதன் மூன்று இறக்கைகளும் தனித்தனி கருத்து கொண்டவை. மாணவர்கள் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, வரிசையாக உள்ளே போக வேண்டும். இருபது ஆண்டாகப் பள்ளி மணியை அடித்துவந்த தாரக்தாவிடம் அறைச் சாவியை ஒப்படைத்தோம். அவர் ஒவ்வொரு கணினியின் மேலும் அவர் மனைவி தைத்துத் தந்த பூப்போட்ட உறையைப் போட்டு வைத்தார். உறையை எடுப்பதற்கும் திரும்பப் போடுவதற்கும் பாடவேளையில் கால் பங்கு போயிற்று. மீதி நேரத்தில் கல்வி நடந்தது.

அந்தக் கல்வி ஒரு சிடியில் வந்தது. திரையில் ஒரு கணக்கு தோன்றும். கீழே நான்கு விடைகள். சரியான விடையை அழுத்தினால் ஒரு பெருங்கூட்டம் கைதட்டும் ஓசை கேட்கும். ஓர் அமெரிக்கப் பெண்மணி நம்மை மேதை என்று அழைப்பார். கடைசியில் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வரும். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் நான் ஆய்வுக்குப் போனேன். எட்டாம் வகுப்பு உள்ளே இருந்தது. ஒரு குழந்தையும் பேசவில்லை. பெஞ்சு கிறீச்சிடவில்லை. கைதட்டல் மட்டும் ஆறு கணினிகளிலிருந்தும் விட்டுவிட்டு வந்தது. எல்லோருக்கும் நூறு. உனக்கும் நூறு. ஏழாம் வகுப்பில் கணக்கோடு உனக்கு இருந்த உறவை நான் அறிவேன் என்பதால் என் கண் கலங்கியது. அன்றே எழுத உட்கார்ந்தேன். "அறையில் முழு அமைதி நிலவியது, மாணவர்களின் ஈடுபாட்டுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை" என்பது என் வாக்கியம்தான். "தேர்ச்சி விகிதம் இனி உயர்வதற்கு இடமில்லை" என்பதும் என்னுடையதே. இரண்டையும் எழுதிவிட்டு உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக்காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "கடைசி வரி ரொம்ப உண்மை" என்றாள். இனி இறங்க மட்டுமே முடியும் என்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

செப்டம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தது. பேனாவும் காகிதமும் கொண்ட பழைய தேர்வு. கணக்கில் உனக்குப் பத்தொன்பது. உன் தோழி மௌசுமிக்கு இருபத்திரண்டு என்பதால் அவள் அன்று கொஞ்சம் மிதப்பாக இருந்தாள் என்று நீ புகார் சொன்னாய். பெஹாலாவில் நம் வீட்டு வராந்தாவில் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்டதும் நீ சொன்னதும் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"கம்ப்யூட்டர்ல நூறு. பேப்பர்ல பத்தொன்பது. எப்படிம்மா?"

"கம்ப்யூட்டர்ல நாலுல ஒண்ணு கண்டிப்பா சரியா இருக்கும்ப்பா. கைதட்டுற வரைக்கும் ஒவ்வொண்ணா அழுத்தணும், அவ்வளவுதான்."

"தப்பா அழுத்தினா?"

"ட்ரை அகெய்ன்னு சொல்லும். நாங்களும் ட்ரை பண்ணுவோம். அது சொல்றபடிதானே கேக்கணும்?"

"எல்லாருமா இப்படிப் பண்றீங்க?"

"மௌசுமி மட்டும் கீழேருந்து மேலே அழுத்துவா. அவளுக்குன்னு ஒரு முறை இருக்கு."

நான் முதல் தவறைச் செய்தது அந்த மாலைக்குப் பிறகு. அறிக்கை அச்சகத்தில் இருந்தது. மெய்ப்பு என் கையில் இருந்தது. திரும்பப் பெற்றிருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நான் மெய்ப்பில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "புதிய கல்வியின் பயனை அளக்கப் பழைய தேர்வுமுறைக்கு ஆற்றல் போதவில்லை." பத்தொன்பது என்ற எண் உன் குற்றமும் இல்லை, கணினியின் குற்றமும் இல்லை, என் குற்றம் நிச்சயமாக இல்லை, தாளின் குற்றம் என்று ஆக்கினேன். நவராத்திரிக்கு மலர் வெளிவந்தது. பலர் கைகுலுக்கினார்கள். நம் வீட்டு சரஸ்வதி பூஜையில் நீ எல்லாப் புத்தகத்தையும் கொண்டுவந்து அடுக்கினாய். கணக்குப் புத்தகத்தை அடியில் வைத்தாய். படிப்பு விஷயத்தில் உன் பக்தி அபாரமானது. தமிழர்கள் என்பதால் அக்டோபரில் ஒரு நாள் புத்தகத்தைத் தொடமாட்டாய். கல்கத்தாவில் வளர்ந்தவள் என்பதால் தை மாசியில் வரும் வங்காள சரஸ்வதி பூஜையன்றும் தொடமாட்டாய். இரண்டு ஊரின் தெய்வக் கட்டளையையும் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த குழந்தையை நான் பார்த்ததில்லை.

நவம்பரில் சுனந்தாதி நிர்வாகக் குழுவுக்கு வந்தார். கணக்கு டீச்சர். வங்காள வழக்கப்படி நீங்கள் எல்லோரும் பெயரோடு அக்கா முறையைச் சேர்த்து அழைப்பீர்கள். காலப்போக்கில் நாங்களும் அப்படியே அழைத்தோம். மலர் அவர் கையில் இருந்தது. தமிழ் தெரியாதவர் என்ற நிம்மதி எனக்கு இருந்தது. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்மணியை உட்கார வைத்து முழுவதையும் மொழிபெயர்த்துக் கேட்டிருக்கிறார் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. வங்காளமும் ஆங்கிலமுமாக அவர் பேசியதை என் தமிழில் தருகிறேன், உறைப்பு குறைந்திருக்கும். மோஷாய் என்ற வங்காள 'ஐயா'வை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"செக்ரட்டரி மோஷாய், தேர்ச்சி உயர இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதிவேட்டில் நிறைய இடம் இருக்கிறது. பாதி வகுப்பு முப்பத்தைந்தைத் தொடவில்லை. மார்ச்சில் முப்பத்தைந்து வராதவர்கள் எட்டாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் இருப்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க மாட்டேன்."

"கணினியில் அவர்கள் நூறு வாங்குகிறார்களே..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கள் வீட்டுப் பூனையைக் கொண்டுவந்து விடட்டுமா? அதுவும் வாங்கும்," என்றார்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை மட்டும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

உன்னை ஒரு வருடம் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்குள் முழுதாக இறங்கியது. தேறியவர்கள் மேலே போவார்கள், நீ அதே பெஞ்சில் உன்னைவிடச் சின்னக் குழந்தைகளோடு இருப்பாய். உனக்கும் அது தெரிந்திருந்தது. இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோக ஆரம்பித்திருந்தாய். நல்ல தகப்பன் என்றால் இந்தக் கட்டத்தில் மகளோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தந்திருப்பான். நான் நல்ல குறிப்பு எழுதுபவன். ஆண்டுத் தேர்வையும் கணினியிலேயே நடத்தலாம் என்று ஒரு தீர்மானம் தயாரித்தேன். நேரம் மிச்சம், தாள் மிச்சம், விடைத்தாள் திருத்தும் டீச்சர்களுக்கு ஓய்வு. ஒன்பது காரணங்கள் எழுதினேன். பத்தாவது காரணமாகிய நீ அதில் எங்கும் இல்லை. உன் அம்மா வாங்கிப் படித்தாள்.

"இது பாஸாயிட்டா அவ ஒன்பதாங்கிளாஸ் போயிடுவா இல்லீங்க?"

"கண்டிப்பா."

"சரி. கணக்கு எந்த கிளாஸ்ல இருக்கும்?"

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, அலுவலகத்துக்குத் தாமதமாகிவிட்டது என்று கிளம்பினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை மினிபஸ் நிறுத்தம் வரை போன பிறகே உணர்ந்தேன். தீர்மானத்தைக் கிழிக்கவில்லை, புச்கி. பிப்ரவரிக் கூட்டத்துக்கு என்று பையிலேயே வைத்திருந்தேன். இது இரண்டாவது தவறு.

அதற்குள் வங்காள சரஸ்வதி பூஜை வந்தது. பள்ளியில் சிலையை எங்கே வைப்பது என்று ஒரு விவாதம் நடந்து, கல்வித் தெய்வத்துக்குக் கணினி அறைதான் பொருத்தம் என்று முடிவாயிற்று. ஏசி இருந்ததும் ஒரு காரணம். மஞ்சள் புடவை கட்டிய பெண்களும் கஞ்சி போட்டு விறைத்த பஞ்சாபி ஜிப்பா அணிந்த பையன்களுமாக மாடி நிரம்பியது. நீ அம்மாவின் மஞ்சள் பட்டைக் கட்டிக்கொண்டு பத்தடிக்கு ஒரு தரம் தடுக்கினாய். எல்லோருடைய புத்தகங்களும் தேவியின் காலடியில் குவிந்தன. தாரக்தா யோசித்துப் பார்த்து, முதல் கணினியின் மௌஸைக் கழற்றி அதற்கும் குங்குமம் வைத்துப் புத்தகங்களின் மேல் கிடத்தினார். மற்ற ஐந்தும் உறை களைந்து தரிசனத்துக்குத் தயாராக நின்றன. புஷ்பாஞ்சலி முடிந்து கையில் பூவிதழோடு நான் நின்றபோது நீ வந்தாய்.

"அப்பா, இன்னைக்குக் கம்ப்யூட்டரைத் தொடலாமா?"

"ஏன் கேக்கற?"

"இன்னைக்குப் படிக்கக் கூடாது இல்லையா? கம்ப்யூட்டர்ல பண்றது படிப்புன்னா தொடமாட்டேன். படிப்பு இல்லன்னா தொடுவேன்."

உன் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். "சொல்லுங்க. நீங்கதானே ரிப்போர்ட் எழுதினவர். அது படிப்பா, இல்லையா?"

மூன்று பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மூன்றாவது சரஸ்வதி. படிப்பு என்றால் தெய்வக் குற்றம். படிப்பில்லை என்றால் பன்னிரண்டு பக்கமும் பொய். அலுவலகமாக இருந்தால் மேலதிகாரியின் கருத்தைக் கேட்டு எழுதியிருப்பேன். இங்கே மேலதிகாரி கையில் வீணையோடு பேசாமல் இருந்தார்.

"படிப்பு இல்லை," என்றேன்.

"அப்பாடா. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு," என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாய்.

என் வாழ்க்கையில் கல்வியைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது. பலன் உடனே கிடைத்தது.

நீயும் மௌசுமியும் சும்மா கைதட்டல் கேட்பதற்காகக் கண்டபடி அழுத்திக்கொண்டிருந்தீர்கள். தாரக்தாவுக்கு எரிச்சல் வந்தது. கணினி விற்ற கம்பெனியின் ஆள் ஒரு முறை எழுத்துப்பிழை திருத்த வந்தபோது அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். "தேகோ, பாருங்க, இதுக்குள்ளே ஒரு பெரிய வித்தையும் இல்லை," என்று சொல்லி, கேள்விகள் இருந்த கோப்பைத் திறந்து காட்டினார். வெறும் எழுத்து. ஒரு கேள்வி, நான்கு விடை, ஒவ்வொரு விடைக்கும் கீழே கணினி சொல்ல வேண்டிய ஒரு வரி. சரியான விடைக்குக் கீழே பாராட்டு. தவறான மூன்றுக்கும் கீழே ஒரே வாசகம், மறுபடி முயற்சி செய் என்று. அடுத்த கேள்விக்கும் அப்படி. அதற்கடுத்ததற்கும் அப்படி. நீ அதைப் பார்த்துவிட்டு, "மூணு தப்புக்கும் ஒரே பதிலா?" என்று கோபப்பட்டாயாம். மௌசுமி பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு உன் கோபம் புரிகிறது. நீ கணக்கில் எத்தனையோ விதமாகத் தவறு செய்து தேர்ந்தவள். ஒரு தவறுக்கும் இன்னொரு தவறுக்கும் உள்ள வேறுபாடு, சரியாகவே போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். உன் உழைப்புக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்று உனக்குப் பட்டிருக்க வேண்டும். ஒரு கேள்வியை அழித்துவிட்டு அந்த இடத்தில் நீயே ஒன்று எழுத ஆரம்பித்தாய்.

ஒரே ஒரு கேள்வி. மூன்று மணி நேரம். நடுவில் இலையில் கிச்சுரி என்ற பருப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த சுனந்தாதியிடம் போய் நின்றாய்.

"சுனந்தாதி, போகும்போது ஒரு வேகம், வரும்போது ஒரு வேகம்னா சராசரி எப்படிக் கண்டுபிடிக்கணும்? கூட்டி ரெண்டால வகுத்தா சரிதானே?"

"இன்று படிப்பு பேசக் கூடாதே?"

"இது படிப்பு இல்லை. எங்கப்பா சொல்லிட்டாரு."

சுனந்தாதி நிமிர்ந்து என்னைத் தேடிப் பார்த்தார். அந்தப் பள்ளியில் அவர் என்னை மரியாதையோடு பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு இலையின் ஓரத்தில் விரலால் கோடு இழுத்தார். "பஸ்ஸைக் கேட்காதே. உள்ளே உட்கார்ந்திருப்பவனைக் கேள். எந்த வேகத்தில் அவன் அதிக நேரம் உட்கார்ந்திருந்தான்?" நீ அங்கேயே நின்று யோசித்தாய். பூரியை எடுத்துக்கொண்டு போனவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிற்பகலில் என்னை இழுத்துப் போய்க் கணினி முன் உட்கார வைத்தாய். நீ ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழாக்கம் இது. பெஹாலாவிலிருந்து ஹாஸ்ராவுக்கு ஒரு மினிபஸ் போகிறது. போகும்போது மணிக்குப் பத்து கிலோமீட்டர். அதே வழியில் திரும்பும்போது முப்பது. மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? விடைகள்: இருபது, பதினைந்து, நாற்பது, மினிபஸ் நிரம்பும் வரை கிளம்பாது. அறையில் பாதி வகுப்பு எனக்குப் பின்னால் நின்றது. நான் ஒரு புன்னகையோடு இருபதை அழுத்தினேன்.

கைதட்டல் வரவில்லை. மறுபடி முயற்சி செய் என்றும் வரவில்லை. திரையில் இப்படி வந்தது: "கூட்டி இரண்டால் வகுத்தீர்கள். அரசு ஆபீஸில் வேலையா?"

எனக்குப் பின்னால் எழுந்த சிரிப்பு கீழ்த்தளத்துக்குக் கேட்டு, என்ன விபத்தோ என்று ஆள் ஏறி வந்தார்கள். எனக்கு முன்னால் தலைமையாசிரியையும் அதே இருபதை அழுத்திவிட்டு, அவசர வேலை என்று போயிருந்தாராம். நான் போகவில்லை. அடுத்ததை அழுத்த விரல் போயிற்று. உன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஒரு துண்டுக் காகிதம் கேட்டேன். கணக்குக்காகத் தூரம் முப்பது என்று வைத்தால் போக மூன்று மணி நேரம், வர ஒரு மணி நேரம். அறுபது கிலோமீட்டருக்கு நான்கு மணி. பதினைந்து. நாற்பத்தெட்டு வயதில், ஆறு கணினி வாங்கிய பிறகு, முதன்முறையாக ஒரு கணினியின் முன்னால் நான் யோசித்தேன். பதினைந்தை அழுத்தியதும் அந்தப் பழைய பெருங்கூட்டம் கைதட்டியது. ஒன்று சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது: மிகவும் இனிமையாக இருந்தது. நாற்பதை அழுத்தினால் "இது மினிபஸ் டிரைவரின் கனவு" என்றும், நான்காவதை அழுத்தினால் "உண்மைதான், ஆனால் மார்க் கிடையாது" என்றும் வரும் என்பதையும் பிறகு அழுத்தித் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து எட்டாம் வகுப்பு அந்த அறையை விட்டு இறங்கவில்லை. எல்லோரும் மற்றவர்களை விழவைக்கக் கேள்வி எழுத வேண்டும் என்றார்கள். சுனந்தாதி ஒரே ஒரு விதி போட்டார்: மூன்று தவறான விடைகளும் ஒரு நிஜ மனிதர் நிஜமாகவே செய்யக்கூடிய தவறாக இருக்க வேண்டும், ஏன் தவறு என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். உங்களுக்கு விதி சுலபமாகத் தோன்றியது. ஒரு கேள்விக்கு நல்ல தவறு மூன்று கண்டுபிடிக்க அந்தப் பாடத்தை முழுக்கப் புரிந்துகொண்டாக வேண்டும் என்பதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. பழைய விடைத்தாள்களை நீங்களே கேட்டு வாங்கிப் போய்த் தவறுகளைத் தேடினீர்கள். உன் பத்தொன்பது மதிப்பெண் தாள் வகுப்பு முழுவதும் சுற்றியது. அவ்வளவு வளமான தாள் வேறு யாரிடமும் இல்லை. மௌசுமி அதிலிருந்து மட்டுமே ஏழு கேள்வி எழுதினாள். வாசலில் கழற்றிப் போட்ட நாற்பது ஜோடிச் செருப்பு தடுக்கித் தாரக்தா இரண்டு முறை விழுந்ததும், செருப்பு விதியை அவரே ரத்து செய்தார். பூப்போட்ட உறைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. "மீன் சந்தை மாதிரி ஆயிருச்சு" என்று அவர் என்னிடம் முறையிட்டார். ஆனால் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டார்.

பிப்ரவரிக் கூட்டத்துக்குக் கணினி விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். மாணவர்கள் கோப்பைத் திருத்திவிட்டார்கள், மதிப்பெண்கள் எல்லாம் நூறிலிருந்து அறுபதுக்கும் நாற்பதுக்கும் சரிந்துவிட்டன, பழைய சிடியை மறுபடி போட்டு அறையைப் பூட்ட வேண்டும் என்றார். குழுவில் பலர் தலையாட்டினார்கள். தேர்ச்சி சரிந்ததற்கும் சத்தம் பெருகியதற்கும் செயலாளர் விளக்கம் தர வேண்டும் என்றார்கள். தேர்வைக் கணினிக்கு மாற்றும் தீர்மானம் என் பையில் இருந்தது. பழைய சிடியும் என் தீர்மானமும் சேர்ந்தால் நீ மார்ச்சில் நூறு வாங்கி ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடுவாய். சேராவிட்டால் நீயும் சுனந்தாதியின் வினாத்தாளும் மட்டும்தான். எழுந்து நின்றேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய, பேசிய விளக்கங்களிலேயே சிறியதைச் சொன்னேன்: "என் அறிக்கை தவறு. அறையைப் பூட்ட வேண்டாம்." உட்கார்ந்தேன். தீர்மானத்தை அன்று மாலை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அதன் மறுபக்கத்தில் அவள் ஒரு மாதம் காய்கறிப் பட்டியல் எழுதினாள்.

மார்ச் கடைசியில் முடிவு சொல்லும் நாள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து பள்ளி வராந்தாவில் நின்றேன். செயலாளருக்கு அன்று வராந்தாவில் எந்த வேலையும் கிடையாது. நீ தூணைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். சுனந்தாதி விடைத்தாள் கட்டோடு படியேறி வந்தார். கையெல்லாம் சாக்பீஸ்.

"செக்ரட்டரி மோஷாய், எட்டாம் வகுப்பில் யாரும் தங்கவில்லை. ஒருவர்கூட இல்லை." பிறகு உன் பக்கம் திரும்பினார். "நீ எழுபத்தாறு."

"எழுபத்தாறா, பத்தொன்பதா?" என்று நீ கேட்டாய். அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எழுபத்தாறு. தாளில் கைதட்டல் வராது. அதனால் நானே தட்டுகிறேன்." கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த அம்மாள் உன் முகத்துக்கு நேரே மூன்று முறை ஓங்கிக் கைதட்டினார். வெள்ளைத் தூள் பறந்து உன் மூக்கில் ஏறி நீ தும்மினாய். மௌசுமி ஊளையிட்டாள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த தாரக்தா என்ன ஏது என்று விசாரிக்காமலே இறங்கி ஓடிப்போய், காலை பதினொன்றேகாலுக்குப் பள்ளி விடும் மணியை அடித்தார். எல்லா வகுப்பும் வெளியே வந்துவிட்டது. திரும்ப உள்ளே அனுப்ப முக்கால் மணி நேரமாயிற்று. நடவடிக்கை எடுக்கச் சொல்லி என்னிடம் கடிதம் வந்தது. செயலாளர் என்ற முறையில் அதைக் கவனமாகப் படித்துவிட்டு, உன் பத்தொன்பது தாளோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். இரண்டும் இப்போது உன் பெட்டியில் இருக்கின்றன. புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன், தேடாதே.

உன் புதிய வேலையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு யோசனைதான். உனக்குக் கீழே இருப்பவர்கள் கைதட்டலை மிக அழகாகச் செய்துகொண்டு வருவார்கள். அதில் பட்டாசும் பூவும் சேர்ந்திருக்கும். பாராட்டிவிட்டு, தவறான விடைகளுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பார். மூன்றுக்கும் ஒரே வரி இருந்தால் திருப்பி அனுப்பு. ஒரு குழந்தை எங்கே தடுக்கியது என்று கேட்காத பாடம், ஏசி அறையில் இருந்தாலும் கைக்குள் அடங்கும் கருவியில் வந்தாலும், தாரக்தாவின் பூப்போட்ட உறைதான். இதைக் கண்டுபிடித்தவள் நீ. உன்னிடமே உன் சொத்தைத் தருவதுபோல் தந்துகொண்டிருக்கிறேன்; தகப்பன்களின் அறிவுரை பெரும்பாலும் அந்த வகைதான்.

இனி, நான் வாக்களித்த பிழைதிருத்தம். பழைய மலரைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வாசகர்கள் என் கட்டுரையில் "தேர்ச்சி விகிதம்" என்று வரும் இடங்களில் எல்லாம் "அழுத்தும் பொறுமை" என்று வாசிக்கவும். பழைய தேர்வுமுறையைக் குறை சொல்லும் வாக்கியத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் "பயந்த தகப்பன்" என்று எழுதிக்கொள்ளவும். "அறையில் முழு அமைதி நிலவியது" என்பதை "அறையில் யாரும் இல்லை" என்று திருத்திக்கொள்ளவும். மற்றபடி, கட்டுரையின் முடிவுரையாக நான் எழுதியிருந்த "கணினியால் எட்டாம் வகுப்பு வென்றது" என்ற வரியில் எந்த மாற்றமும் தேவையில்லை. எழுதியபோது பொய்யாக இருந்தது. ஏழு மாதத்தில் நீ அதை உண்மையாக்கிவிட்டாய்.

சனிக்கிழமை ஹௌராவில் உன் ரயில். போகும்போது வேகமாகப் போ. திரும்பி வருவது மெதுவாகத்தான் நடக்கும் என்று தெரியும். விடுமுறை கிடைக்காது, வேலை விடாது. உன் அம்மாவுக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எவ்வளவு நாளானாலும் சரி, இரண்டையும் கூட்டி இரண்டால் மட்டும் வகுக்க மாட்டேன்.

பெருமையில் தலைகால் புரியாமல்,
இருபதை அழுத்திய உன் அப்பா